காளே உறுமவே மாட்டான்

அத்தியாயம் ஒன்பது

ரத்தம் வந்த பிறகுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் வாய் வந்தது.

"நாயைப் பிடிங்க!" என்றார் அப்பா. "தண்ணி, தண்ணி!" என்று தட்டைக் கீழே போட்டாள் அம்மா. "என் கை, என் கை!" என்று அஸ்மிதா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளைக் கட்டிய புருஷன், அதாவது ரஞ்சுவின் அருமைத் தம்பி புவன், கையிலிருந்த போனை இறக்காமல் அப்படியே படம் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அதைக் கீழே வைடா, அறிவு கெட்டவனே!"

ரஞ்சு போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இரண்டு தலை எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும். பண்டிகை நாளும் அதுவுமாகப் பஸ்னேத் வீட்டில் என்ன கூத்து என்று பார்த்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம்தான் புவன் புதுப் பெண்டாட்டியோடு காட்மாண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினான். மருமகளுக்கு இந்த வீட்டில் முதல் திஹார் பண்டிகை என்று அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டம்பர் பகதூர் பஸ்னேத் சாதாரண ஆளா? ஹெட்டவுடா ஊரில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் அவரிடம் டிரில் கற்றவர்கள். ஒரு விரலைத் தூக்கி "சுப்!" என்றால் மைதானம் முழுக்க மூச்சு நிற்கும். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் அந்த விரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. வீட்டில் அது நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

புருஷன் வீட்டை விட்டு ஒற்றைப் பையோடு ரஞ்சு இங்கே வந்து நின்றபோதும் அந்த விரல்தான் எழுந்தது. ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை, அவள் சொல்ல ஆரம்பித்தபோது "சுப்" என்றார். "இருந்துட்டுப் போகட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு வருஷமாக அவள் இருந்துகொண்டிருக்கிறாள். அவளுக்காக வாசலில் காத்திருக்கவும் வேலையிலிருந்து திரும்பினால் வாலாட்டவும் காளே ஒருத்தன்தான் இருந்தான்.

அவனுக்குத்தான் இன்று பூஜை.

திஹாரின் இரண்டாம் நாள் நாய்களுடையது. விடிந்ததிலிருந்து தெருவில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லா நாய்களும் செண்டுப்பூ மாலையும் நெற்றி நிறையச் சிவப்பும் பூசிக்கொண்டு அலைந்தன. நேற்று வரை கல்லெறிந்தவர்கள் எல்லாம் இன்று கறியும் ரொட்டியுமாகத் துரத்தினார்கள்.

காளேக்கு ஒரு வாரமாகவே உடம்பு சரியில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறுவான். இடது காதைச் சுவரில் தேய்ப்பான். "காதுல ஏதோ இருக்குப்பா, டாக்டர்கிட்ட காட்டணும்" என்று ரஞ்சு மூன்று முறை சொன்னாள். "பனி. தானா போயிடும். பண்டிகை நேரத்துல நாய்க்கு டாக்டரா? ஊர் சிரிக்கும்" என்றார் அப்பா. அவளும் தான் வேலை பார்க்கும் பல் டாக்டரின் ஆஸ்பத்திரியில் பண்டிகைக்கு முந்தைய கூட்டத்தில் மாட்டிக்கொண்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது.

காலையில் அவள் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"வாம்மா மருமகளே, இந்த வருஷம் உன் கையால பொட்டு" என்று அப்பா அழைத்தார்.

"மூஞ்சியைத் திருப்பிக்குதே மாமா?"

"வெட்கப்படறான். நீ புதுசுல்ல!"

"இல்லை, ஒரு மாதிரி இருக்கு…"

"அட, பயப்படாதே. எங்க காளே உறுமவே மாட்டான். தெருவுல யாரை வேணும்னாலும் கேளு. நான் பழக்கின நாய்."

"கட்டிப்பிடி அஸ்மிதா. கட்டிப்பிடிச்சுக்கிட்டு வை. அப்பத்தான் படம் நல்லா வரும்." இது புவன்.

"கொட்டாவி விடுது பாரு."

"ஐயாவுக்குத் தூக்கம் வருதாம்!" எல்லோரும் சிரித்தார்கள்.

ரஞ்சு பால் கிண்ணத்தோடு வெளியே வந்தபோது அஸ்மிதா முட்டி போட்டு, ஒரு கையை அவன் கழுத்தில் வளைத்து, மறு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோயிருந்தாள். அவள் முழங்கை சரியாக அந்த இடது காதின் மேல் இருந்தது. காளே மரக்கட்டையாக நின்றான். கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிந்தது. மேலுதடு ஒரு பக்கம் லேசாகத் துடித்தது.

"அஸ்மிதா, விடு, எழுந்திரு…" என்று ரஞ்சு ஆரம்பித்தாள்.

அதற்குள் அப்பாவின் விரல் எழுந்தது. "சுப்!"

காளேயின் உதடு மூடிக்கொண்டது. அடுத்த மூச்சில் பல் அவள் மணிக்கட்டில் இருந்தது.

கடித்ததும் விட்டுவிட்டான். விட்டுவிட்டு மாடிப்படிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான். மாலை பாதி அறுந்து வழியெல்லாம் பூ சிதறியது.

* * *

ரஞ்சு அஸ்மிதாவை அடிபம்புக்கு இழுத்துப்போய், சோப்பைத் தேய்த்து, கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டாள். "எரியுது அக்கா, போதும்" என்று அவள் அழ அழ விடவில்லை. "எரியட்டும். நல்லாக் கழுவினாத்தான் ஊசிக்கே அர்த்தம்" என்று அம்மாவைப் பம்பு அடிக்கச் சொல்லி, நெடுநேரம் கழுவினாள். காளேக்கு வைசாக மாசம் போட்ட வெறிநோய்த் தடுப்பூசி இருக்கிறது. இருந்தாலும் இவளுக்கும் ஊசி போட்டே ஆக வேண்டும்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடா" என்று புவனை விரட்டினாள். மோட்டார் சைக்கிளில் ஏறும்போது அஸ்மிதா திரும்பிப் பார்த்து, "எங்க வீட்லயும் நாய் இருக்கு. ஒருநாளும் இப்படிச் செஞ்சதில்லை" என்றாள். அந்த வார்த்தை அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள்?

மூலையில் சாத்தியிருந்த பிரம்பை எடுத்தார். படிக்கட்டு வரை போனார். அங்கே நின்றார்.

சிதறிக் கிடந்த பூவைப் பார்த்தார். பிரம்பைத் திரும்பவும் மூலையில் சாத்தினார்.

"இன்னைக்கு அவன் நாள். இன்னைக்குக் கை வைக்கக் கூடாது" என்றார்.

ரஞ்சுவுக்கு அரை மூச்சு வந்தது. முழு மூச்சு வர விடவில்லை அவர்.

"பொழுது சாஞ்சா அவன் நாள் முடிஞ்சுது. அதுக்கப்புறம் அவன் வெறும் நாய். மைலாவோட பிக்கப் வண்டி சாயங்காலம் முட்டைக்கோஸ் ஏத்திட்டுக் கீழே போகுது. சால மரக் காட்டுல இறக்கி விட்டுட்டுப் போகச் சொல்றேன்."

"காட்டுலயா? சிறுத்தை இருக்குப்பா அங்க!"

"அது அவன் தலையெழுத்து."

"காதுல வலிப்பா அவனுக்கு! ஒரு வாரமா சொல்றேன். வலிக்கிற இடத்துல போய் அழுத்தினா எவன்தான் சும்மா இருப்பான்?"

"நாளைக்கு லக்ஷ்மி வர்ற வீடு. வீட்டு மருமகளை ரத்தம் வரக் கடிச்ச நாய்க்கு இங்க இடமில்லை."

"நாளைக்கு லக்ஷ்மி வருவான்னு இன்னைக்குக் கும்பிட்ட நாயைக் காட்டுல தள்ளுவீங்களா? இது எந்த ஊர் பூஜை?"

"ரஞ்சு!" விரல் எழுந்தது. "சாப்பாடு போடற வீட்டுலயே பல்லைக் காட்டறவங்க யாரும் இங்க வேண்டாம். யாரும்."

'யாரும்' என்பதை இரண்டு முறை சொன்னார். அவளுக்குப் புரியாமல் இல்லை.  என்னவெல்லாமோ தொண்டை வரை வந்தது. அம்மா பின்னாலிருந்து அவள் புடவையை லேசாக இழுத்து, வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினாள். எப்போதும் இந்த இழுப்புத்தான். இந்த இழுப்பில்தான் இந்த வீடு ஓடுகிறது.

மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு மைலாவைப் பார்க்கக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒரு கிண்ணம் எடுத்தாள். வேகவைத்த கறித் துண்டுகள். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அவர் வர்றதுக்குள்ள" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

ரஞ்சு படிக்கட்டுக்கு எதிரே போய் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் உட்கார்ந்தாள். அவனை நேராகப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள். ஒரு துண்டைத் தரையில் போட்டாள். பிறகு இன்னொன்று, கொஞ்சம் கிட்டத்தில். காளேயைக் கையைப் பிடித்து இழுத்து எதுவும் செய்யவைக்க முடியாது என்று இரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியும். தானாக வந்தால் எல்லாம் நடக்கும். நாக்கால் மூக்கை நக்கினான், நக்கினான், முன்னங்காலை எடுத்து வைத்தான், பின்வாங்கினான். கடைசியில் அவள் தொடையில் வந்து சாய்ந்தான். உடம்பு நடுங்கியது.

"உனக்கு ஒண்ணும் ஆக விடமாட்டேன்டா" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மாலையின் மிச்சத்தை மெதுவாகக் கழற்றி, கயிற்றைப் போட்டாள்.

* * *

ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினால் கால்நடை டாக்டர் ஷ்ரேஸ்தாவின் கிளினிக் வாசலில் திருவிழாக் கூட்டம். மாலை போட்ட நாய் எட்டு பத்து. ஒன்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்குக் கண்ணில் குங்குமம்.

"வருஷத்துல ஒரு நாள் கும்பிடறீங்க" என்று ஒருவரைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார் டாக்டர் அம்மா. "எண்ணெய் சொட்டச் சொட்டப் பொரிச்ச செல் ரொட்டி எத்தனை திணிச்சீங்க? எண்ணவே இல்லையா? சாமிங்கிறதுக்காக வயிறுமா இரும்பு?"

ரஞ்சுவின் முறை வந்ததும் காதைத் திருப்பிப் பார்த்தார். சீழ். ஆழத்தில் ஒரு புல்விதை குத்திக்கொண்டிருந்தது. மயக்க ஊசி போட்டு அதை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தபோது அது ஒரு நெல்மணி அளவுகூட இல்லை.

"இதோட ஒரு வாரமா இருந்திருக்கு. எத்தனை தடவை உறுமிச்சு?"

"உறுமாது டாக்டர்."

"உறுமாதுன்னா?"

"குட்டியா இருந்தப்ப எலும்பு கிட்ட போனா உறுமுவான். அப்பா அடிச்சுப் பழக்கினார். ஒரு விரலைத் தூக்கினா போதும், வாயை மூடிப்பான். இப்பல்லாம் உறுமறதே இல்லை."

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்தார். "பெருமையா சொல்றீங்களா?"

"நான் சொல்லலை. அவர் சொல்லுவார்."

"அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. உறுமறதுன்னா 'தள்ளிப் போ'ன்னு மரியாதையா கேட்கிறது. அதுக்கும் முன்னாடியே கேட்டிருக்கும். மூஞ்சியைத் திருப்பும், மூக்கை நக்கும், தூக்கமே வராம கொட்டாவி விடும், உடம்பை விறைக்கும். இதெல்லாம் யாருக்கும் புரியலைன்னாத்தான் உறுமும். நீங்க அந்த வாயையும் அடிச்சுப் பிடுங்கிட்டீங்க. பயம் போச்சா? இல்லை. வலி போச்சா? இல்லை. சொல்ற வழிதான் போச்சு. மிச்சம் அதுகிட்ட என்ன இருக்கு? பல்லு."

ரஞ்சு மேசையில் கிடந்த காளேயின் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இனிமே உறுமுமா டாக்டர்?" என்று கேட்டாள், கடைசியில்.

"அடிக்க மாட்டாங்கன்னு நம்பிக்கை வந்தா உறுமும். உறுமினா திட்டாதீங்க, எல்லாரும் ஒரு அடி பின்னால போங்க. கேட்டா கிடைக்கும்னு அதுக்குத் தெரியணும். இன்னைக்குச் சாயங்காலம் பட்டாசு வேற. எங்க ஒளிஞ்சுக்குதோ அங்கேயே விடுங்க, வெளிய இழுக்காதீங்க. வாசல்ல ஒரு துணி தொங்க விடுங்க. வாரம் முழுக்கத் தலைப் பக்கம் யார் கையும் போகக் கூடாது. பொட்டு வைக்கிற கை உள்பட."

* * *

வீடு திரும்பும்போது மூன்று மணியிருக்கும். அப்பா இன்னும் வரவில்லை. ரஞ்சு காளேயைப் படிக்கட்டின் கீழ் விட்டு, அதன் முன்னால் ஒரு சாக்கைத் தொங்கவிட்டாள். அறைக்குள்ளிருந்து சண்டைச் சத்தம் கேட்டது.

"நான் சொன்னேனா இல்லையா, மூஞ்சியைத் திருப்புதுன்னு?" அஸ்மிதா கட்டுப் போட்ட கையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "'ஒண்ணும் செய்யாது, கட்டிப்பிடி'ன்னது யாரு? உங்களுக்குப் படம் நல்லா வரணும். என் கை போனா என்ன?"

"எனக்கு என்ன தெரியும்? வாலாட்டுச்சு…"

"விறைச்சுக்கிட்டு ஆட்டினா அது சந்தோஷமா? உங்க கிட்ட நான் இப்ப வாலாட்டறேன், வந்து கட்டிப்பிடிங்க பார்ப்போம்!"

வேறு நாளாக இருந்தால் ரஞ்சு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். உள்ளே போய்க் கையை நீட்டினாள். "அந்தப் படத்தைக் காட்டு."

மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். டாக்டர் சொன்னது ஒன்றுவிடாமல் அதில் இருந்தது. முகத்தைத் திருப்புகிறான். நக்குகிறான். கொட்டாவி விடுகிறான். சிரிக்கிறார்கள். மறுபடி திருப்புகிறான். இவர்கள் மறுபடி சிரிக்கிறார்கள். இத்தனை தடவை ஒரு ஜீவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது, சுற்றி நின்ற ஒருத்தருக்கும் காது இல்லை.

"ஐயோ" என்றான் புவன். 

"அப்பா வந்ததும் காட்டுவோம். பார்த்தா அவருக்கே புரியும்" என்றாள் ரஞ்சு.

வந்தார். வாசலிலேயே வைத்து ரஞ்சு போனை நீட்டினாள். புல்விதையையும் துணியைப் பிரித்துக் காட்டினாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

அவர் போனைப் பார்க்கவே இல்லை. "முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்கு நாய் பாடம் எடுக்குதா? மைலா ஆறு மணிக்கு வர்றான்."

"அப்பா, ஒரே ஒரு தடவை பாருங்க."

"பண்டிகை நாள், விடுங்க அக்கா" என்று புவன் இழுத்தான்.

"நீ வாயை மூடு! வாயைத் திறக்க வேண்டிய நேரத்துல போனைத் தூக்கிக்கிட்டு நின்னவன்தானே!" என்று அவன் மேல் பாய்ந்தாள். அப்பா குளிக்கப் போய்விட்டார். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

அஸ்மிதா ரஞ்சுவின் தோளைத் தொட்டாள். "அக்கா, இங்க வாங்க" என்று மாடிப்படி வளைவுக்கு அழைத்துப் போனாள். அவள் முகம் மாறியிருந்தது.

"எங்க அம்மாவுக்கு அனுப்பலாம்னு திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதல்ல நானும் கவனிக்கலை." படத்தை ஓடவிட்டு, அப்பாவின் விரல் எழும் இடத்தில் நிறுத்தினாள். "நாயை மட்டும் பார்க்காதீங்க அக்கா. பின்னால பாருங்க."

காளேக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, பூஜைத் தட்டோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள்.

அஸ்மிதா படத்தை மெதுவாக நகர்த்தினாள். விரல் எழுந்தது. காளே தலையைத் தாழ்த்தி வாயை மூடினான். அதே நொடியில் அம்மாவும் தலையைத் தாழ்த்தி வாயை மூடினாள். தட்டைப் பிடித்த கை மார்போடு ஒட்டிக்கொண்டது. அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விரல் அவள் பக்கம்கூடத் திரும்பவில்லை.

ரஞ்சு திரும்பவும் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

தன் புருஷன் வீட்டில் தான் எப்படி நின்றோம் என்று அவளுக்குத் தெரியும். அது தனக்கு மட்டும் வந்த கதி என்று நினைத்திருந்தாள். இந்த வீட்டில், கண்ணெதிரே, முப்பத்தைந்து வருஷமாக இது நடந்துகொண்டிருக்கிறது. 

"இவரும் இப்படித்தான் விரலைத் தூக்குவாரா அக்கா? உங்க தம்பி?" என்று அஸ்மிதா கேட்டாள். குரல் சின்னதாக இருந்தது.

"தூக்கினா என்கிட்ட சொல்லு" என்றாள் ரஞ்சு. "அன்னைக்கே சொல்லு. நாளைக்குன்னு தள்ளிப்போடாதே."

திரும்பினால் படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். மாடியிலிருந்து எண்ணெய் எடுக்க வந்தவள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையை நீட்டினாள். அஸ்மிதா தயங்கித் தயங்கிப் போனைக் கொடுத்தாள். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன்னைத் தானே பார்த்தாள். பிறகு போனைக் கொடுத்துவிட்டு கீழே போனாள்.

* * *

ஆறு மணிக்குச் சொன்னபடி மைலாவின் பிக்கப் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. தெரு முழுக்க விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் பட்டாசு வெடித்ததும் சாக்குக்குப் பின்னால் காளே இன்னும் உள்ளே ஒடுங்கினான்.

அப்பா சங்கிலியோடு வந்தார். ரஞ்சு சாக்குக்கு முன்னால் நின்றாள்.

"நகரு."

"மாட்டேன்."

"ரஞ்சு, நகருன்னேன்."

"நகர மாட்டேன்! அவனை அனுப்பணும்னா என்னையும் சேர்த்து ஏத்துங்க. சாப்பாடு போடற வீட்டுல பல்லைக் காட்டினவங்க ரெண்டு பேர். ரெண்டு பேரையும் காட்டுல தள்ளிட்டு வந்து நாளைக்கு லக்ஷ்மிக்கு விளக்கேத்துங்க. வருவா பார்க்கலாம்!"

"புவன், உன் அக்காவை இழு."

புவன் ஒரு அடி எடுத்து வைத்தான். அஸ்மிதா கட்டுப் போட்ட கையால் அவன் சட்டையைப் பிடித்தாள். "கடிபட்டவ நான். நான் சொல்றேன், அந்த நாய் எங்கேயும் போகக் கூடாது" என்றாள். புவன் நின்ற இடத்தில் நின்றான்.

அப்பா ரஞ்சுவைத் தோளால் தள்ளிக்கொண்டு குனிந்தார். சாக்கை விலக்கிக் கையை உள்ளே விட்டார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

மெல்லிய சத்தம். துருப்பிடித்த கதவைத் திறப்பது மாதிரி முதலில் விட்டு விட்டு வந்தது. பிறகு சேர்ந்து, நெஞ்சுக்குள்ளிருந்து, தொடர்ந்து வந்தது. காளே உறுமினான்.

ரஞ்சு கத்தினாள். "அப்பா, பின்னால வாங்க! கடிக்கறதுக்கு முன்னால கேட்கறான், பின்னால வாங்க!"

அப்பா கையை எடுத்தார். நிமிர்ந்தார். முகம் சிவந்து, விரல் மேலே போனது. "சு…"

"கையை இறக்குங்க."

யார் சொன்னது என்று ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்றாள். முழங்கை வரை அரிசி மாவு. தலை நிமிர்ந்திருந்தது.

"என்ன?" என்றார் அப்பா.

"கையை இறக்குங்கன்னேன். அவன் பேசிட்டிருக்கான்."

விரல் மேலேயே இருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தாள். தலையைத் தாழ்த்தவில்லை. அவரைத் தாண்டி, வாசல் கதவைத் திறந்து, "மைலா, எங்க வீட்ல ஏத்தறதுக்கு ஒண்ணுமில்லை. நீ கிளம்பு" என்றாள்.

"இருடா மைலா!" அப்பா கத்திய கத்தலில் எதிர் வீட்டு விளக்கு வரிசையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். "ஏத்தறதுக்கு இருக்கு. அந்த நாய் இருக்கிற வீட்டுல நான் இருக்க மாட்டேன். நான் வர்றேன்!"

சொல்லிவிட்டு நின்றார். யாராவது காலில் விழுவார்கள், யாராவது கையைப் பிடிப்பார்கள் என்று நின்றார். புவனைப் பார்த்தார். புவன் தரையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தார்.

அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அவருடைய சாம்பல் சால்வை இருந்தது. மாவு படாமல் விரல் நுனியில் பிடித்து நீட்டினாள்.

"போர்த்திக்கோங்க. கீழே பனி அதிகம்" என்றாள்.

அவர் சால்வையைப் பிடுங்கிக்கொண்டு, சங்கிலியைக் கீழே போடக்கூட மறந்து, மைலாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கதவு சாத்தும் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. பாவம் மைலா, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவரையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். "போடா!" என்றார் அவர். வண்டி முட்டைக்கோஸ் மூட்டைகளோடு திருப்பத்தில் மறைந்தது.

"அம்மா, அப்பா எங்கம்மா போவார்? போன் பண்ணறேன், இரு" என்று புவன் பதறினான். அப்பாவின் எண்ணை அழுத்தினான். உள்ளே கட்டிலின் மேல் அப்பாவின் போன் அடித்தது.

அம்மா வாசலிலேயே நின்றாள்.  ரஞ்சு அவளைப் பிடித்துக்கொண்டாள். 

"எண்ணெய் காயுது. யாராவது போய் அடுப்பைக் குறைங்க" என்றாள் அம்மா.

அஸ்மிதா ஓடினாள். படிக்கட்டின் கீழே, சாக்குக்குப் பின்னால், காளே இன்னும் உறுமிக்கொண்டிருந்தான். அவனை அடக்க யாரும் போகவில்லை.